நாற்பத்தோராவது நாடு

குவாலா மெரந்தி வளர்ந்தது காற்றால் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிவார்கள். அரை ஆண்டு மேற்கிலிருந்து அடிக்கும் காற்று குஜராத்திக் கப்பல்களையும் நாகப்பட்டினத்துக் கப்பல்களையும் கொண்டுவந்து தள்ளும். மீதி அரை ஆண்டு காற்று திசை மாறிச் சீனத்துக் கப்பல்களைக் கொண்டுவரும். அடுத்த காற்று வரும்வரை யாருக்கும் ஊர் திரும்ப வழியில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஒருவருக்கொருவர் துணியும் பீங்கானும் மிளகும் விற்றுக்கொண்டார்கள், ஊர் பெருத்துவிட்டது. அவ்வளவுதான் என்பது அவர்கள் கட்சி.

துறைமுக மாளிகையின் கட்சி வேறு. ஒவ்வொரு ஆண்டும் முதல் கப்பல் வரும் நாளில் துறைமுகத் தலைவரான சாபந்தர் துன் விஜய இந்திரா மேடையேறி அதை விளக்குவார்.

“காற்று எல்லா ஊரிலும்தான் அடிக்கிறது. பக்கத்துச் சதுப்பில் அடிக்கவில்லையா? அங்கே ஏன் கப்பல் வரவில்லை? அங்கே சாபந்தர் இல்லை. கப்பல் மரியாதையைத் தேடி வருகிறது. இந்த மாளிகையில் முப்பது பேர் குடை விரிக்கிறார்கள். வேறு முப்பது பேர் குடை மடிக்கிறார்கள். விரிப்பவனும் மடிப்பவனும் வேறு வேறு ஆளாக இருக்கும் துறைமுகம் உலகத்தில் இன்னொன்று உண்டா?”

அறுபது பேரும் கைதட்டுவார்கள்.

மாளிகையின் நடுக்கூடத்தில் ஒரு தேக்குப் பலகை தொங்கும். குவாலா மெரந்தியோடு வணிகம் செய்யும் நாற்பது நாடுகளின் பெயர்களும் அதில் செதுக்கப்பட்டிருக்கும். அரசர் வாரம் ஒருமுறை வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார். அதற்கப்புறம்தான் அவருக்குப் பசிக்கும் என்று சமையல்கட்டில் சொல்வார்கள்.

வினை ஒரு விருந்தில் வந்தது. வங்கத்துக் கப்பல் தலைவன் ஒருவன் சாப்பாட்டுக்கு நடுவே, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், “தஞ்சோங் சீரே துறைமுகத்துப் பலகையில் நாற்பத்தொரு நாடு இருக்கிறதே” என்றான். தஞ்சோங் சீரே இரண்டு நாள் பயணத்தில் இருக்கிற போட்டித் துறைமுகம். அரசர் கையில் எடுத்த இறாலைத் தட்டில் வைத்துவிட்டார். “அப்படியா” என்றார். பிறகு கை கழுவினார்.

அரசர் இறாலைக் கீழே வைத்தது அதற்கு முன் ஒரே ஒருமுறைதான். அன்றைக்குப் போர் தொடங்கியது.

பௌர்ணமிக்குள் இன்னொரு நாடு வேண்டும் என்று சாபந்தருக்கு உத்தரவு போனது. கலங்கரைக் கோபுரத்தில் காவலை இரட்டிப்பாக்கினார்கள். கொடியோடு துறைமுக வாயிலிலுள்ள நிலமுனையைச் சுற்றி எது வந்தாலும் உடனே பீரங்கி வெடிக்க வேண்டும் என்றார்கள். பௌர்ணமியும் வந்துவிட்டது. கொடியோடு எதுவும் வரவில்லை.

இது எதுவும் தெராமானுக்குத் தெரியாது. அவன் நண்டு பிடிப்பவன். முனைக்கு அந்தப் பக்கம், சுங்கை நிபோங் ஓடைக்கரையில் அவன் குடிசை. குவாலா மெரந்திச் சந்தையில் கோழி கூவினால் அவன் குடிசையில் கேட்கும். ஆனால் நடுவில் இடுப்பளவு சேறும் அலையாத்திக் காடும் இருப்பதால் நடந்து வர முடியாது. ஓடை வழியாகக் கடலுக்கு வந்து, முனையை வளைத்து, துறைமுகத்துக்குள் நுழைய வேண்டும். வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் கடல் பயணம் முடிந்துவிடும். ஒன்பது வருடமாக விடிந்ததும் அவன் அப்படித்தான் வந்து நண்டு விற்றுவிட்டுப் போகிறான். யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

அந்தப் பௌர்ணமியன்றைக்கு அவனுக்குக் கல்யாணம்.

பெண் மெலூர், துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பாய் முடைந்து விற்கும் குலூப்பின் மகள். நாற்பது நாட்டுக் கப்பல்களுக்குப் பாய் கொடுத்தவர் என்றாலும் குலூப் ஒருநாளும் முனையைத் தாண்டியதில்லை. படகு ஆடினால் அவருக்கு வயிறு ஆடும். அதனாலேயோ என்னவோ, கடல் தாண்டி வந்த மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஐந்து வருடம் காத்திருந்தார். சூரத்திலிருந்து வந்த ஒரு கப்பல் தலைவனைப் பேசியும் வைத்திருந்தார். மெலூரோ, சந்தையில் நண்டு வாங்கப் போன இடத்தில், எடை கூட வேண்டும் என்று நண்டோடு சேற்றைக் கட்டாத ஒரே நண்டுக்காரனைப் பார்த்துவிட்டாள். ஒரு மாதம் பட்டினி கிடந்து அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். பட்டினி நாட்களில் தெராமான் பின்வாசல் வழியாக அவித்த நண்டு அனுப்பிக்கொண்டிருந்தது குலூப்புக்கு இன்றுவரை தெரியாது.

சம்மதித்தாலும் ஒரு கொக்கி வைத்திருந்தார் குலூப். “பௌர்ணமியன்னிக்கு பொழுது சாயற நேரத்து அஸர் தொழுகைக்கு முந்தி நிக்காஹ் முடியணும். நிக்காஹ் நடத்தி வைக்கிற காஜி அன்னிக்கு சாயங்காலமே கப்பல் ஏறுறார். அவர் போனா அஞ்சு மாசம் கழிச்சுதான் வருவார். நேரம் தப்பிச்சுன்னா, அது அல்லா சொல்ற பதில்னு எடுத்துக்குவேன். சூரத்துக்காரன் இன்னும் இங்கதான் இருக்கான்.”

ஆகவே தெராமான் காலையிலேயே கிளம்பிவிட்டான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்பவன் ஒருநாள் ராஜா. அரசருக்கு மட்டுமே உரிய, மற்ற நாளில் உடுத்தினால் தலை போய்விடும் மஞ்சள் பட்டை அன்றைக்கு அவன் உடுத்தலாம். இரவல் பட்டு, இரவல் குறுவாள், காதுவரை இறங்கும் இரவல் தலைப்பாகை. படகில் ஏழு கொடி. துடுப்புப் போட்ட பங்காளிகள் நாலு பேரும் நடுநடுவே பறை தட்டினார்கள். தாய்மாமன் ஈத்தாம், கல்யாணமே ஆகாத அறுபது வயதுக்காரர், முன்னால் உட்கார்ந்து ஒரு கையில் மஞ்சள் குடையும் மடியில் வெற்றிலைத் தட்டுமாக வந்தார். நூற்றொரு வெற்றிலையைக் கோபுரம்போல் அடுக்கிய சீர்த்தட்டு அது. அதைப் பெண்ணின் அப்பா கையில் கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

“மாமா, குடைய நேரா பிடிங்க. நிழலெல்லாம் உங்க மேலதான் விழுது.”

“ராஜாவுக்கு எதுக்குடா நிழல்? மந்திரிக்குத்தான் தலை காயும்.”

படகு முனையைத் திரும்பியது. துறைமுகத்தில் பீரங்கி வெடித்தது. இன்னொன்று. இன்னொன்று.

“யாரோ பெரிய இடம் வருது போல,” என்று ஈத்தாம் மாமா படகை ஓரமாக ஒதுக்கச் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் கடல்தான் இருந்தது.

பன்னிரண்டு துடுப்புப் படகு ஒன்று நேராக அவர்களிடம் வந்தது. அதில் மாளிகை எழுத்தர் சமாட் ஓலையும் எழுத்தாணியுமாக எழுந்து நின்றார்.

“எந்த நாட்டிலிருந்து எழுந்தருளுகிறீர்கள்?”

“சமாட் அண்ணே, நான்தான் தெராமான். நேத்து எங்கிட்ட நாலு நண்டு வாங்கினீங்களே. ஒண்ணு உங்க விரலைக் கடிச்சுச்சே.”

சமாட் துணி சுற்றிய விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். “எந்த நாடு?”

“சுங்கை நிபோங்.”

“பலகையில் இல்லாத பெயர்,” என்றார் சமாட். “எந்தக் காற்றில் வந்தீர்கள்?”

“துடுப்புல.”

“வழியில் ஆபத்து?”

“மணல்திட்டுல படகு தட்டி மாமா தண்ணில விழுந்தாரு. தட்டை மட்டும் விடல.”

சமாட் வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினார்: “கடும் கொந்தளிப்பு. அரும்பொருளைக் காத்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை.” பிறகு குனிந்து, அடிக்குரலில், “தம்பி, சும்மா வா. கோபுரம் உன்னைக் கப்பல்னு பாத்துடுச்சு, பீரங்கி வெடிச்சாச்சு. வெடிச்ச பீரங்கிய யாரு திரும்ப உள்ள போடுறது?” என்றார்.

“எனக்கு இன்னிக்குக் கல்யாணம் அண்ணே.”

“அதையும் எழுதிக்கிறேன்,” என்றார் சமாட். எழுதவில்லை.

கரையில் யானை நின்றது. வெளிநாட்டு ஓலை வந்தால் அதை யானைமேல் ஏற்றி, கொண்டுவந்தவரைப் பின்னால் நடத்திக் கூட்டிப்போவது வழக்கம். ஓலை எங்கே என்று தேடினார்கள். பட்டுத் துணி போர்த்திய ஒரே பொருள் ஈத்தாம் மாமா மடியில் இருந்தது.

“இது வெத்தலைய்யா,” என்றார் மாமா.

“அந்த நாட்டில் ஓலைக்கு அப்படிப் பெயர்,” என்று சமாட் குறித்துக்கொண்டார்.

தட்டு யானைமேல் ஏறியது. முப்பது பேர் குடை விரித்தார்கள். மாளிகை நாற்பது அடி தூரத்தில் இருந்ததால் யானை நடக்க ஆரம்பித்ததும் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனாலும் முறைப்படி ஊர்வலம் ஒரு நாழிகை நடக்க வேண்டும் என்பதால் சந்தையை நாலு தடவை சுற்றினார்கள். இரண்டாவது சுற்றில் சந்தைக்காரர்களுக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது.

“ஏய், நம்ம நண்டுக்காரன்டா.”

“தெராமானு, நாளைக்கு நண்டு உண்டா, இல்ல இனிமே கப்பம்தானா?”

“ஈத்தாம் மாமா, ஏன் நடக்கறீங்க? வெத்தலைக்குக் காலு வலிக்குதா?”

மாமா அண்ணாந்து தட்டையே பார்த்துக்கொண்டு நடந்தார். மூன்றாவது சுற்றில் யானை தும்பிக்கையைப் பின்னால் வளைத்து, வெற்றிலைக் கோபுரத்தின் உச்சியிலிருந்த பாக்குப் பூவைத் தின்றது. சமாட் அதையும் எழுதினார்: “ஓலையின் முதல் வரியை யானை ஏற்றுக்கொண்டது.”

கூடத்தில் சாபந்தர் காத்திருந்தார். மூன்று இரவு தூங்காத கண்கள். தெராமான் குனிந்து வணங்கி, “ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சு,” என்று ஆரம்பித்தான்.

சாபந்தர் காதைப் பொத்திக்கொண்டார். வெளிநாட்டவர் பேச்சு நேராகச் சாபந்தர் காதில் விழக்கூடாது. மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் விழலாம். மாளிகையில் பதினேழு மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். சுங்கை நிபோங் மொழி தெரிந்தவர் யார் என்று கேட்டதும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் மலிம் என்ற பாரசீக மொழிக்காரர் முன்னே வந்தார்.

“தெரியும்னு சொல்ல முடியாது ஐயா. ஆனா ஏனோ கேக்கக் கேக்கப் புரியுது.”

“அருமையான புலமை,” என்றார் சாபந்தர். “என்ன சொல்கிறார்?”

“நான் நண்டு பிடிக்கிறவன்,” என்றான் தெராமான். “பாய்க்கார குலூப் மகள கட்டிக்க வந்தேன். அஸருக்குள்ள போகணும். விட்டுடுங்க.”

மலிம் தொண்டையைக் கனைத்தார். “கடலின் ஓட்டுடைய படைகளை வெறுங்கையால் அடக்கும் எம் அரசர், இந்த நகரத்தோடு உறவு கொள்ள விழைகிறார். தாமதத்தை அவர் பொறுக்கமாட்டார்.”

தெராமான் மலிமைப் பார்த்தான். “நான் சொன்னது அதுதானா?”

“சுருக்கமாச் சொன்னேன்,” என்றார் மலிம்.

சாபந்தர் எழுந்து நின்றார். எழுந்தால் உரையாற்றுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். உட்கார இடம் இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

“சுங்கை நிபோங் நாட்டின் பெருமையை நான் இளமையிலிருந்தே அறிவேன். அதை ஏன் இத்தனை நாள் கண்டுபிடிக்கவில்லை என்று சிலர் கேட்கலாம். தூரத்து நாடுகளைக் கண்டுபிடிப்பதில் நாங்கள் மும்முரமாக இருந்தோம். பக்கத்தில் இருப்பவை ஓடியா போகும்? எங்கள் வணிகம் ஏழு கடலுக்கும் போகிறது. இன்று முதல் எட்டாவது கடலுக்கும் போகிறது.”

எட்டாவது கடலில் தெராமான் அன்று காலை இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான்.

தச்சர் வந்து பலகையில் உளி வைத்தார். பெயர் ஏற ஏற, சாபந்தர் முகத்திலிருந்து மூன்று இரவுத் தூக்கமின்மை இறங்கியது.

இதற்குள் பீரங்கிச் சத்தம் கேட்டு, எந்த நாட்டு அரசனோ என்று வேடிக்கை பார்க்க ஊரே கூடியிருந்தது. முன்வரிசையில் குலூப். மாப்பிள்ளைக்காகக் காத்திருந்த பந்தலை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். நடுக்கூடத்தில் மஞ்சள் பட்டில் நின்ற ஆளைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது.

“நம்ம மாப்ளயா வெளிநாட்டு ராஜா?” என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். “நான் அப்பவே சொன்னேன், பையன் முகத்துல ஒரு களை இருக்குன்னு.” அவர் அப்படி யாரிடமும் சொன்னதில்லை.

தெராமானுக்கு உயிர் வந்தது. “மாமா, நீங்களாவது சொல்லுங்க. நேரமாகுது. கல்யாணத்த முடிச்சுடலாம்.”

குலூப் பெருமையோடு முன்னே வந்து, தன் மகளுக்கும் இந்த அரசருக்கும் இன்று நிக்காஹ் என்று அறிவித்தார்.

சாபந்தரின் சிரிப்பு நின்றது.

“முடியாது,” என்றார்.

காரணத்தைச் சமாட் வாசித்தார். குவாலா மெரந்தியில் ஒரு பழைய சட்டம் உண்டு. வெளிநாட்டவர் இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டினால், அவர் இந்த ஊராராகிவிடுவார். வணிகர்களை ஊரில் தங்கவைக்க யாரோ ஒரு புத்திசாலி போட்ட சட்டம். “நிக்காஹ் முடிஞ்ச அடுத்த நொடி இவர் நம்மூர்க்காரர். சுங்கை நிபோங்குக்கு வேற ராஜாவே...” சமாட் பலகையைப் பார்த்தார். உளி கடைசி எழுத்தில் இருந்தது. “மறுபடி நாற்பது.”

“அப்ப எப்பதான் கல்யாணம்?” என்றார் குலூப்.

“வேண்டாம் என்று யார் சொன்னது?” என்றார் சாபந்தர் கனிவோடு. “தஞ்சோங் சீரே அழியட்டும். பிறகு சிறப்பாக நடத்துவோம். அதுவரை அரசர் வெளிநாட்டார் தெருவில் தங்கட்டும். சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டுமென்றாலும் காற்று மாற வேண்டுமே. ஐந்து மாதம்.”

“நான் துடுப்புல வந்தேன்,” என்றான் தெராமான்.

“காற்று மாறும்வரை காத்திருப்பதில் எங்களுக்கு நிகரான விருந்தோம்பல் கிடையாது என்கிறார்,” என்று மொழிபெயர்த்தார் மலிம்.

படித்துறையில் காஜியின் மூட்டைகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிழல் நீண்டுகொண்டிருந்தது. தெராமான் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பலகைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டான். ஒன்பது வருடம் யாரும் ஏறிட்டுப் பார்க்காதபோது அவன் நினைத்த இடத்துக்குப் போய் வந்தான். இன்றைக்கு ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நாலு தெரு தள்ளியிருந்த பந்தலுக்குப் போக முடியவில்லை. குலூப் வேறு, பெருமையும் கவலையும் ஒரே முகத்தில் இடம்பிடிக்கச் சண்டை போட, சூரத்துக்காரன் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். தெராமான் அதைக் கவனித்தான்.

அப்போது கூட்டம் விலகியது. உள்ளங்கையில் காயாத மருதாணி, தலையில் ஆடும் பொன்தாள் பூக்கள், பின்னால் நாலு அத்தைமார் “மணமேடைய விட்டு எந்திரிக்கக் கூடாதுடி” என்று மூச்சிரைக்க ஓடிவர, மெலூர் கூடத்துக்குள் வந்தாள்.

நேராக தெராமானிடம் போனாள். “என்ன இது, தலைப்பாகைய கையில வச்சுக்கிட்டு?”

“காதை மூடுது மெலூர். ராஜா மாதிரியா இருக்கேன்?”

“இல்ல. நண்டுக்காரன் மாதிரிதான் இருக்கீங்க.” அவள் தலைப்பாகையை வாங்கி அவன் தலையில் வைத்தாள்; ஓரத்தில் மருதாணி ஒட்டிக்கொண்டது. “அதனாலதான் வந்தேன்.”

பிறகு சாபந்தரைப் பார்த்து நின்றாள். “ஐயா, நான் இந்த ஊருப் பொண்ணு. எனக்கு மொழிபெயர்ப்பு வேணாம், இல்லையா?”

“சொல்லம்மா.”

“உங்க நாப்பத்தோராவது நாட்டுல எத்தன பேர்?”

சமாட் எண்ணிப் பார்த்தார். பங்காளிகள் நாலு பேரும் பந்தல் சாப்பாட்டு வாசனைக்கு எப்போதோ நழுவியிருந்தார்கள். “அரசர் ஒருவர். ஓலைக் காவலர் ஒருவர்.”

“ஓலைக் காவலருக்கு அறுபது வயசு. அரசருக்கு மழைல நண்டு பிடிச்சா சளி பிடிக்கும். நாளைக்கே ஒண்ணு ஆச்சுன்னா?”

சாபந்தர் இதை யோசித்திருக்கவில்லை. உடனே மருத்துவரைக் கூப்பிட்டு அரசருக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். தெராமான் இருமினான்; மருத்துவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சரி, சளி பிடிக்கல,” என்றாள் மெலூர். “தஞ்சோங் சீரேக்காரன் வருவான். புது நாட்டுக்கு ராணி யாருன்னு கேப்பான். ராணி இல்லாத நாட்ட எவன் நாடுன்னு மதிப்பான்? ரெண்டு ஆம்பளைங்களும் ஒரு வெத்தலத் தட்டும் இருந்தா அது நாடா? அது மீன்பிடிக் குடிசைன்னு சொல்லிச் சிரிக்க மாட்டானா?”

சாபந்தர் பலகையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“ஆனால் சட்டம் அம்மா. கட்டினால் அவர் நம்மூரார் ஆகிவிடுவாரே.”

“அவர் இங்க வந்து இருந்தாத்தானே ஐயா? நான் அங்க போறேன். சமாட் அண்ணே, அந்த ஓலையப் பாருங்க. ஊர்ப் பொண்ணு வெளிநாட்டுக்குக் குடிபோனா என்ன ஆகும்னு எழுதியிருக்கா?”

சமாட் முன்னும் பின்னும் புரட்டினார். “எழுதல. இங்கருந்து யாரும் போக மாட்டாங்கன்னு நினைச்சிருக்காங்க.”

“அப்ப நான் வெளிநாட்டுக்காரி. நாடு அப்படியே இருக்கும். ஒரு ஆள் கூடவும் செய்யும். அப்புறம்,” மெலூர் லேசாகத் தலைகுனிந்தாள், “அல்லா குடுத்தா இன்னும் கூடும்.”

சாபந்தர் மெதுவாக எழுந்தார். “வளரும் நாடு,” என்றார். “தஞ்சோங் சீரேயின் நாற்பத்தொன்றில் ஒன்றாவது வளர்கிறதா?”

அதற்கப்புறம் மாளிகை வேலை செய்த வேகத்தை அந்த ஊர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. படித்துறையில் ஒரு கால் கப்பலில், ஒரு கால் ஏறுபலகையில் வைத்திருந்த காஜியை எட்டுப் பேர் தூக்கிவந்தார்கள். யானைமேல் மறந்துபோயிருந்த வெற்றிலைத் தட்டை ஈத்தாம் மாமா ஏணி போட்டு ஏறி இறக்கிக்கொண்டு வந்து குலூப் கையில் வைத்தார். “கொஞ்சம் யானை சாப்ட்டுடுச்சு சம்பந்தி,” என்றார். குலூப் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. அழுதுகொண்டிருந்தார்.

தெராமான் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று சொல்லி முடித்ததும் பள்ளிவாசலில் அஸர் முரசு அடித்தது. மலிம் அதை மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். காஜி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

மெலூர் சாபந்தரிடம் போய், “ரொம்ப நன்றி ஐயா,” என்றாள்.

சாபந்தர் காதைப் பொத்திக்கொண்டார். “அரசியார் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேச வேண்டும்,” என்றார்.

குவாலா மெரந்தி அரசர் மாலையில் பலகையைப் பார்க்க வந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கல்யாணச் சாப்பாட்டில் உட்கார்ந்தார். மாளிகைச் சமையல்கட்டு முழுவதும் அங்கே இறங்கியிருந்தது. இறால் வைத்தால் மறுபடி கீழே வைத்துவிடுவாரோ என்று பயந்து, தெராமான் படகில் கொண்டுவந்திருந்த நண்டை மிளகும் மஞ்சளும் போட்டு வைத்தார்கள். அவர் எதையும் கீழே வைக்கவில்லை.

“உங்கள் நாட்டிலிருந்து என்ன ஏற்றுமதி?” என்று கேட்டார்.

“நண்டு மகாராஜா.”

“இறக்குமதி?”

தெராமான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். “இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கோம்,” என்றான். மெலூர் பொன்தாள் பூவுக்குக் கீழே சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தெராமான் தினமும் காலையில் நண்டுக் கூடையோடு முனையைத் திரும்பும்போது பீரங்கி வெடிக்கிறது. குடை விரித்து மடிப்பதற்குள் பாதி நண்டு செத்துவிடுகிறது என்று அவன் முறையிட்டதில், நண்டுக்குத் தனியாக ஒரு குடை ஒதுக்கியிருக்கிறார்கள்.

குலூப்தான் மாறிவிட்டார். வயிறு ஆடினாலும் பரவாயில்லை என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மகள் வீட்டுக்குப் படகேறிவிடுகிறார். திரும்பி வந்து படித்துறையில் கால் வைத்ததும், கால் நாழிகைப் பயணத்துக்கு ஒரு நாள் ஓய்வெடுத்துக்கொள்கிறார். சந்தையில் யாராவது குசலம் கேட்டால், “வெளிநாடு போயிருந்தேன்ப்பா. தண்ணி ஒத்துக்கல. ஆனா ஜனங்க நல்ல ஜனங்க,” என்கிறார். பாய் வாங்க வந்த சூரத்துக்காரனிடம், “உங்க ஊருக்கெல்லாம் ஒருநாள் வரணும்தான், பக்கத்துல இருக்கறதுக்கெல்லாம் எப்ப வேணா போகலாம்” என்று சொன்னதாகவும் கேள்வி.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒருநாள் உச்சி வெயிலில், கொடி இல்லாத, குடை இல்லாத ஒரு சின்னப் படகு சுங்கை நிபோங் ஓடைக்குள் வந்தது. சாபந்தர் துன் விஜய இந்திரா தாமே துடுப்புப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முழங்கால் சேற்றோடு குடிசைப் படியில் உட்கார்ந்தார். மெலூர் இளநீர் வெட்டிக் கொடுத்தாள். அவளுக்கு அப்போது மசக்கை. நாட்டின் மக்கள்தொகை பற்றி மாளிகைக்கு ஏற்கெனவே ஓலை போயிருந்தது.

“இங்க மொழிபெயர்ப்பாளர் இல்லையே ஐயா,” என்றான் தெராமான்.

“இது உங்க நாடு தம்பி. இங்க நான்தான் வெளிநாட்டுக்காரன்,” என்றார் சாபந்தர். தமது மாளிகைக் குரலை அவர் கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். “தஞ்சோங் சீரேல நாப்பத்திரண்டாம். ராஜா நேத்து ராத்திரி நண்டைக் கீழ வச்சுட்டாரு.”

சாபந்தர் ஓடையின் எதிர்க்கரையைப் பார்த்தார். அங்கே தென்னங்கீற்றுக் குடிசை ஒன்றும் இருபது வாத்துகளும் தெரிந்தன.

“அது யாரு வீடு?”

“எங்க ஈத்தாம் மாமா வீடு.”

“அவர் உங்க நாட்டைச் சேர்ந்தவரா,” சாபந்தர் தயங்கினார், “இல்ல, நடுவுல தண்ணி ஓடுதே, அதனால கேக்கறேன்.”

தெராமான் மெலூரைப் பார்த்தான். மெலூர் எதிர்க்கரையைப் பார்த்துக் கைதட்டிக் கூப்பிட்டாள். ஈத்தாம் மாமா வாத்துகளுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து, விஷயத்தை முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு குடிசைக்குள் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் அந்த மஞ்சள் குடை இருந்தது.

“வர்றேன்,” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். “ஆனா ஒண்ணு இப்பவே பேசிக்கணும். போன தடவ யானைமேல வெத்தலத் தட்டு போச்சு, நான் நடந்தேன். இந்தத் தடவ நான் யானைமேல போறேன். தட்டு நடந்து வரட்டும்.”